வலப்பக்கம் ஐந்து குறைவு

அண்ணனுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனாரின் அந்த மட்டக்கருவி போலவே, எது கோணலாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. வந்தவர் வண்டியைப் பற்றி வாயைத் திறப்பதற்குள், எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரை நேராக்கிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவருடைய பட்டறையில் அறுபது வயதுக் கார் ஒன்றின் இன்ஜின் மூன்றாவது முறையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு முறை இறக்கி உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இரண்டு முறையும் காற்றாடி ரேடியேட்டர் கூட்டில் கரகரவென்று உரசியது. கியர்க் கம்பி நடுங்கிய நடுக்கத்தில் காரே குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது. இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதில்தான் சண்டை.

இன்ஜின் நேரடியாகக் காரின் சட்டத்தில் உட்காராது. சட்டத்தின் இரண்டு பக்கமும் வெல்டிங் செய்த இரும்புத் தாங்கி, அதன்மேல் ரப்பர், அதற்கும் மேலேதான் இன்ஜின். வலப்பக்கத் தாங்கி துருவேறி உதிர்ந்திருந்தது. பழையதை அளவெடுத்துப் புதிதாகச் செய்து வைத்தவள், பட்டறையில் கூடவே வேலை செய்யும் தங்கை. ஆறு வருஷமாக பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, சட்டத்தில் கைவைக்க அண்ணன் கொடுத்த முதல் வாய்ப்பு அது.

அண்ணன் தாங்கிகளின் உயரத்தை அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இடது அறுபத்திரண்டு. வலது அம்பத்தேழு. அஞ்சு மில்லி குறையுது. உன் வெல்டிங் சூட்டுல இரும்பை இழுத்துடுச்சு."

"பழைய தாங்கியும் அம்பத்தேழுதாண்ணே. கழட்டறதுக்கு முன்னாடியே அளந்து சுவத்துல எழுதி வச்சேன். அதோ பாருங்க."

அண்ணன் பார்த்தார். "சாக்பீஸ் எழுத்துதானே. எப்ப வேணா எழுதலாம்."

சுருக்கென்று தைத்தது. தப்பாகச் செய்தாய் என்று சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். பொய் சொல்கிறாய் என்கிறாரே, கூடப் பிறந்தவர்!

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். காரின் சொந்தக்காரி ஒரு வக்கீலம்மா. நாலு மணிக்கு வந்து முதல் தடவையாகத் தன் காரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. "இன்னைக்கு முடியாதுங்கம்மா. தங்கச்சி வச்ச வெல்டிங்ல கோளாறு... சரிங்க, வந்து பாருங்க." போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அதை அறுத்துட்டு நானே வைக்கிறேன். நாளையிலேர்ந்து நீ பாலிஷுக்கே போயிடு."

"அரை மணி நேரம் குடுங்கண்ணே."

"பத்து நிமிஷம்."

தங்கை கைபேசியைத் தேடி எடுத்தாள். எந்த வண்டியைப் பிரித்தாலும் முதலில் நாலு மூலையும் படம் எடுப்பது அவள் வழக்கம். "என்ன, கல்யாண ஆல்பமா?" என்று அண்ணன் கிண்டலடிப்பார். இரண்டு மாதத்துக்கு முந்தைய படங்களைத் தள்ளித் தள்ளி, வலப்பக்கத் தாங்கியில் வந்து நின்றாள். பெரிதாக்கினாள். ரப்பருக்கும் தாங்கிக்கும் நடுவே பழுப்பாக ஒரு கோடு. கோடில்லை, தகடு. முன்பக்க மூலை வெட்டுப்பட்டிருந்தது.

"அண்ணே! அடியில ஒரு தகடு இருந்திருக்கு. அதான் பழசு அம்பத்தேழா இருந்தும் இன்ஜின் நேரா உட்கார்ந்திருக்கு."

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நிழல் மாதிரி இருக்கு. தகடுன்னா எங்க அது?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. துருப்பிடித்த ஆணிகள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தாள். பழைய இரும்புச் சாக்கை உதறினாள். காரோடு வந்த உதிரிப் பெட்டியை இரண்டு முறை கிளறினாள். கையெல்லாம் கரி, விரலில் ஒரு வெட்டு. முதுகுக்குப் பின்னால் வெட்டுமெஷின் வீறிட்டது. பத்து நிமிஷம் என்றால் ரசமட்டத்துக்குப் பத்து நிமிஷம்தான்.

அவள் செய்த தாங்கியிலிருந்து தீப்பொறி பறந்தது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டு, ஆத்திரம் தாளாமல் முஷ்டியால் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அண்ணன் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாஸ் துளியும் அசையாமல் நின்றது.

அவளும் நின்றாள். இந்த மேசையா? அரத்தால் ராவுவதற்கு ஓர் இரும்பை வைத்தாலே தொட்டில் மாதிரி ஆடுமே! இதில் டீயை வைத்துச் சிந்தாமல் குடித்தவர் யார்? இது எப்போதிலிருந்து ஆடாமல் நிற்கிறது?

குப்புற விழுந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பின்பக்க இடது காலுக்குக் கீழே கனமாக ஒரு தகடு. மூலை வெட்டுப்பட்டிருந்தது.

"அண்ணே! நிறுத்துங்க!" மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். சத்தம் அடங்கியபோது தாங்கியின் பற்றவைப்பு பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

தோளால் மேசையைத் தூக்கித் தகட்டை உருவி, துடைத்து, அளவுகோலோடு அவர் கையில் கொடுத்தாள். அண்ணன் அளந்தார். ஐந்து. திருப்பிப் பிடித்து அளந்தார். அதே ஐந்துதான். இரண்டு துளைகளும் தாங்கியின் துளைகளோடு பொருந்தின. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் வச்சேன்," என்றார். "கழட்டின அன்னைக்கு எவனோ செஞ்ச ஒட்டு வேலைன்னு தூக்கிப் போடப் போனேன். மேசை ஆடிச்சு. அப்படியே காலுக்குக் கீழ சொருகிட்டேன். அதோட மறந்தே போச்சு."

"என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பு." அறுந்த பற்றவைப்பைப் பார்த்தார். "நல்ல வெல்டிங்கை அறுத்தும் வச்சிருக்கேன். மணி ரெண்டரை. நீ திரும்ப வைக்கிறியா?"

"நீங்க பிடிச்சுக்கங்க," என்றாள். கோபம் இன்னும் போகவில்லை. அவள் பற்றவைத்தாள், அவர் இடுக்கியால் தாங்கியை அசையாமல் பிடித்துக்கொண்டார். சூடு ஆறியதும் தகடு, அதன்மேல் ரப்பர். சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விட்டு இன்ஜினை இறக்கினாள். முன்பு சுத்தியலால் அடித்தே இறங்கிய போல்ட், இந்த முறை விரலால் தள்ளியதும் உள்ளே போனது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

நாலு மணிக்கு வக்கீலம்மா வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி எதிலும் உரசவில்லை, கியர்க் கம்பி கம்மென்று நின்றது.

"தங்கச்சி வெல்டிங்ல கோளாறுன்னீங்க?" என்றார் வக்கீலம்மா, குறுக்கு விசாரணைக் குரலில்.

"அதுல ஒரு கோளாறும் இல்லம்மா. கோளாறு பண்ணது நான். நல்லா இருந்ததை அறுத்ததும் நான்தான். அவதான் கண்டுபிடிச்சு திரும்ப வச்சா."

கார் தெருமுனை திரும்பியதும் தங்கை கேட்டாள். "அப்ப நாளைக்கு எனக்கு பாலிஷா?"

"பாலிஷ் நான் போட்டுக்கறேன்."

அண்ணன் கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷோடு சுவரண்டை போனார். அவள் சாக்பீஸால் எழுதியிருந்த ஐம்பத்தேழின் மேலேயே, கோடு பிசகாமல், பெயின்டால் எழுதினார். தங்கை கை கழுவப் போனாள். போகிற வழியில் மேசையில் இடித்துக்கொண்டாள். டீ கிளாஸ் தடதடவென்று ஆடியது.