சீட்டில் இருந்த பெயர்

சோப்புக் கம்பெனியில் முப்பது வருஷம் பெட்டி சுமந்த பிறகு, நாற்பத்தாறு வயதில்தான் பெட்டிக்காரருக்கு எழுத்து பிடிபட்டது. கம்பெனி நடத்திய மாலை வகுப்பில் அவர் முதன்முதலாகத் தடவித் தடவிப் படித்த சொல், தினமும் தோளில் ஏற்றிய பெட்டிமேல் இருந்த சோப்பின் பெயர். அது அவருடைய அக்காவின் பெயரும்கூட.

சோப்பு பிரபலமான பிறகு அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தெருவில் போகிறவன் ரேடியோ விளம்பரத்தைப் பாட ஆரம்பித்துவிடுவான். அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை "ஏ நுரை" என்றுதான் கூப்பிட்டார். "பாத்து வாங்க, வழுக்கிடப் போகுது" என்பாள் அக்கா.

கம்பெனி ஒரு தகரக் கொட்டகையாக இருந்த நாளில் அக்கா அங்கே சோப்புக்குத் தாள் சுற்றினாள். அப்போது சோப்புக்கு வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் சுற்றியவள் தன் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் செருக வேண்டும். கட்டு அவிழ்ந்து திரும்பி வந்தால் யாரைத் திட்டுவது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அக்காவின் கட்டு ஒன்றுகூட அவிழ்ந்து வரவில்லை. கடைக்காரர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர் இருக்கிற சோப்பு கொடுங்க" என்று கேட்டார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர் ஒரே வருஷத்தில் அட்டையில் ஏறியது. இப்போது அட்டையின் பின்பக்கத்தில், அது நிறுவனருடைய தாயாரின் பெயர் என்று அச்சாகியிருக்கிறது. ஒரு கிழவியின் படமும் உண்டு.

அக்கா இதற்கெல்லாம் வாய் திறந்ததில்லை. வீட்டுக்காரர் போன பிறகு, இந்த வருஷம் ஒரு தையல் கடை போட்டாள். பலகையில் தன் பெயரை எழுதி மாட்டினாள். அதுதான் வினையாகிவிட்டது.

மேனேஜர் பெட்டிக்காரரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பேரு கம்பெனி சொத்துய்யா. பலகையை இறக்கச் சொல்லு. இதுல உங்க அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. கீழே சாட்சி நீ."

"அது அவங்களுக்கு வச்ச பேரு ஐயா."

"நான் இல்லைன்னா சொன்னேன்? வீட்டுக்குள்ள வச்சுக்கட்டும்." மேனேஜர் தாளை மடித்து நீட்டினார். "நீ இன்னும் கம்பெனி வீட்டுலதானே இருக்கே? ரெண்டு பொண்ணுங்க, இல்ல?"

பெட்டிக்காரர் தாளை வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் முழுக்க குடோன் மூலையில் உட்கார்ந்து, விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். இந்தப் பெயர் நிறுவனரின் தாயாருடையது, இதற்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று இருந்தது. 'யாதொரு' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

சாயங்காலம் அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "என்னடா, முகம் தொங்கிப் போயிருக்கு?"

தாளைக் கொடுத்தார். படித்து முடித்தாள். மிஷின் நின்றது.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"படிச்சுட்டுத்தான் கொண்டு வந்தியா?"

அவர் தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எழுதப் படிக்கத் தெரியாத காலத்துல கொண்டு வந்திருந்தா, பாவம், தெரியாம வந்துட்டான்னு விட்டிருப்பேன்."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்கக்கா. புள்ளைங்களைக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?"

அக்கா தாளை மிஷின்மேல் விரித்து வைத்தாள். பிறகு ரசீதுக்கு முத்திரை குத்துகிற மைப்பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

"பேனா இருக்குக்கா."

"பேனாவால என்னத்தை எழுத? என் பேரையா? அதுதான் என் பேரு இல்லைன்னு எழுதியிருக்கே." கட்டைவிரலைத் தாளில் அழுத்தி எடுத்தாள். "பலகையை நீயே கழட்டிடு. எனக்குக் கை எட்டாது."

அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். வெகு லேசான பலகை.

மறுநாள் மேனேஜர் ரேகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார். பெட்டிக்காரர் அதை வாங்கவில்லை. மேசையில் இருந்த மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்தார்.

"உனக்குத்தான் எழுதத் தெரியுமேய்யா. நான்தானே சர்ட்டிபிகேட் கொடுத்தேன்? போட்டோகூட எடுத்தாங்களே."

"மறந்துபோச்சுங்க."

"அதுக்குள்ளயா? சரி, ஏதோ ஒண்ணு வை."

வைத்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குடோனுக்குப் போனார்.

லாரி காத்திருந்தது. பெயர் வெளியே தெரிகிற மாதிரி அடுக்குவதுதான் அங்கே வழக்கம். முதல் பெட்டியை அவர் உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். வெளியே வந்த பக்கத்திலும் பெயர் இருந்தது. இன்னொரு பக்கம் திருப்பினார், அங்கேயும் இருந்தது. எழுத்து தெரியாத காலத்தில் அது வெறும் சிவப்புக் கிறுக்கல். இப்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் அதுபாட்டுக்குப் படித்தது.

"என்னண்ணே, ஒரு பெட்டியோட நின்னுட்டீங்க?" என்றார் லாரி டிரைவர்.

"ஒண்ணுமில்லை" என்று சொல்லி, அடுத்த பெட்டிக்குத் தோளைக் கொடுத்தார்.