ஐந்தாவது இடத்து மீன்

என் அக்காவுக்கு மீன்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மலை ஆறுகளில் மீன் வகைகளைக் கணக்கெடுப்பது எங்கள் பிழைப்பு. அறிக்கை எழுதுவது அக்கா. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை போடுவது நான். இந்த ஆற்றின் மேல்பகுதியில் அணை கட்டி, தண்ணீரைக் குழாயில் திருப்பி மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். அதற்குமுன் அங்கே என்ன மீன் வாழ்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஐந்து இடங்களில் பார்த்தோம். அடிவாரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பு, கலங்கல். பதினான்கு வகை கிடைத்தன. மேலே ஏற ஏறக் குளிரும் வேகமும் கூடின, வகைகள் குறைந்தன. ஐந்தாவது இடத்தில் பதினாறு டிகிரி. கால் மரத்துப்போய்விட்டது.

அங்கேதான் அது வலையில் விழுந்தது. விரல் நீளம்தான் இருக்கும். வயிற்றால் பாறையைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கிற வகை. விலாவில் மஞ்சள் வரி. எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. மொத்தம் ஐந்து. தண்ணீர் குளிர்ந்து ஓடாவிட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. இது பதிவானால் அணை வேலையை நிறுத்தியே ஆக வேண்டும்.

புது மீன் என்றால் ஒன்றையாவது, கெடாமலிருக்க மருந்து ஊற்றிய புட்டியில் சான்றாகப் போட்டு வைப்பது எங்கள் தொழிலில் கட்டாயம். புட்டியைத் திறந்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. பாவம், இருக்கிறதே அஞ்சு. நான் போட்டோ எடுத்துட்டேன், அது போதும். விட்டுடு."

ஆயிரம் மீனைப் புட்டியில் அடைத்தவள் அவள். எனக்கு மனசு இளகிவிட்டது. ஐந்தையும் தண்ணீரில் விட்டேன்.

நேற்று அனுமதிக் கூட்டம். அதிகாரி அறிக்கையைப் புரட்டி, "மேல்பகுதியில மூணே வகை, எல்லாம் சாதாரண மீன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்துவிட்டேன்.

"நாலாவதா ஒண்ணு இருக்கு சார். நானே பிடிச்சேன். என் நோட்டுல எழுதியிருக்கேன்."

"நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதலாம்மா. மீன் எங்க? போட்டோவாவது இருக்கா?"

"அக்கா, காட்டுக்கா."

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. "அப்படி எதையும் நான் பாக்கல சார். அன்னிக்கு இவளுக்குக் குளிர்காய்ச்சல்."

கூட்டமே சிரித்தது. மறுபடி போய்ப் பிடிக்கலாம் என்றால் மழை இறங்கிவிட்டது. இன்னும் நான்கு மாதத்துக்கு அந்தப் பாறைகளை யாரும் நெருங்க முடியாது. என் கண் முன்னாலேயே அனுமதியில் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் அவளை மடக்கினேன். "மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"கத்தாதே. அந்த மீனை எழுதியிருந்தா, இனிமே எந்த அணைக்காரன் நம்மள வேலைக்குக் கூப்பிடுவான்? உன் வீட்டு அடுப்பும் இதுலதான்டி எரியுது."

"பாவம்னு சொன்னியேக்கா! நான் அதைக் கேக்காம புட்டியில போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நீயா? போட்டிருக்கவே மாட்டே" என்று என் கன்னத்தைத் தட்டினாள். "சின்ன வயசுலேர்ந்து நான் சொல்லி நீ எதைக் கேக்காம இருந்திருக்கே?"

பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.