பதினோராவது ஆட்சேபணை

1

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் பாக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பல் துலக்கினேன். வாசலுக்குத் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடவில்லை, போடத் தெரியாது. மாடித் தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆகும். வழிந்தால் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளின் சுவரில் இறங்கும், அவர் கத்துவார். அதனால் அந்த நேரம் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. உட்கார்ந்திருந்தேன், கையில் நோட்டு இருந்தது.

(இதை எழுத உண்மையான காரணம் இதுவல்ல. வரும் செவ்வாய்க்கிழமைதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: “ராஜகிரிக் கோட்டையின் நிழல் மாலையில் எங்கள் தெருவின் மேல்”

நிறுத்திவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கோட்டையில்தான் தொடங்குகிறார்கள். தவிர, அந்த நிழல் எங்கள் தெரு வரை வருவதில்லை.

இரண்டாவது: “வரைவு முழுமைத் திட்டத்தின்படி மேட்டுக்குளத் தெருவானது குடியிருப்பு உபயோகத்திலிருந்து வணிக உபயோகத்திற்கு மாற்றப்பட உள்ளதால்”

இது மனு. நான் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் டைப் செய்வதால் எதைத் தொட்டாலும் மனுவாகிவிடுகிறது.

மூன்றாவது: “ரஞ்சனி என் மனைவி. அவள்”

இதை அழிக்கவில்லை. அப்படியே நிற்கட்டும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ரஞ்சனி எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டாள். டெங்கு. முப்பது வயது. எழுத முடிகிறது. வாயால் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவை வரவில்லை, தெருவுக்கே தெரியும்.

3

விஷயம் சிக்கலானதல்ல. ஊர் வரைபடத்தில் வீடுகள் இருக்கும் பகுதி மஞ்சள், கடைகள் இருக்கும் பகுதி நீலம். கோட்டைக்கு வரும் கூட்டம் பெருகிவிட்டது. புதிய வரைபடத்தில் எங்கள் தெருவை நீலமாக்கியிருக்கிறார்கள். நீலமானால் லாட்ஜ் கட்டலாம், பஸ் நிறுத்தலாம். தெருவில் இருபத்தொரு வீடுகள். பதினொரு வீட்டுக்காரர்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தார்கள். பதினோராவது மனு ரஞ்சனியுடையது. வீட்டுப் பட்டா அவள் பெயரில் இருக்கிறது. அவளுடைய அப்பா எழுதிவைத்த வீடு.

நான் டைப் செய்து தருகிறேன் என்றேன். “நீ அடிச்சா எல்லா மனுவும் ஒரே மாதிரி இருக்கும்” என்று கையால் எழுதினாள். ஐந்து வரி. கடைசி வரி இது: “வாடகைக்கு இருப்பவர்கள் ஆட்சேபிக்க முடியாது என்கிறீர்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் ஆட்சேபிக்கிறேன்.”

அவர்கள் என்று அவள் எழுதியது ரத்தினம்மாளை. ரத்தினம்மாள் இருப்பது தனசேகரனின் வீடு. தெரு நீலமானால் அதை இடித்து லாட்ஜ் கட்டுவார்.

4

தனசேகரனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். விரலில் கல் மோதிரம் போட்டேன். அவர் மோதிரம் போடுவதில்லை. பேசும்போது பல் குத்தவைத்தேன். அதுவும் இல்லை. உண்மையில் ரஞ்சனியின் பாடையை முன்பக்கம் இடது தோளில் தூக்கியது தனசேகரன்தான். வழியில் இரண்டு பேர் தோள் மாற்றிக்கொண்டார்கள். அவர் மாற்றவில்லை. மறுநாள் வந்து, “ஆனந்து, சாப்டியா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கும் லாட்ஜ் கட்டும் ஆசைக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் அவரிடம் இருக்கின்றன.

[இந்தப் பகுதியை நீக்கினால் கதை வேகமாகப் போகும். நீக்கவில்லை.]

5

விசாரணை போன வெள்ளிக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் நகர் திட்ட அலுவலர். இளம் பெண். கோவைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எல்லோரையும் உட்காரச் சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

தனசேகரன் முதலில் பேசினார். “கோட்டைக்கு தெனம் எத்தினி வண்டி வருது மேடம். வர்றவன் தங்க எடமில்லாம திருவண்ணாமலைக்கு ஓடுறான். நம்ம பசங்க வேலைக்கு ஓசூரு ஓடுறானுங்க. இந்த ஊரு எப்பதான் பொழைக்கிறது?”

தப்பில்லை. நானும் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ரத்தினம்மாள் எழுந்தார். “ஊரு பொழைக்கட்டும், யாரு வேணான்னது. நான் இருக்கிற வூட்டத்தான மொதல்ல இடிப்ப?”

“உனுக்கு வேற வூடு பாத்துத் தரன்னு சொன்னனா இல்லியா?”

“சொன்ன. அவலூர்பேட்ட ரோட்ல, சுடுகாட்டாண்ட. இப்பவே போயி படுத்துக்கோன்ற.”

மண்டபம் சிரித்தது. தனசேகரனும் சிரித்துவிட்டார்.

அலுவலர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். “உங்க கருத்தக் குறிச்சுக்கிறேன்மா. ஆனா ஆட்சேபணைக்கு ஓனர்தான் கணக்கு. இப்ப மனு குடுத்தவங்க பேரப் படிக்கிறேன். எழுந்து, ஆமா என் மனுதான்னு சொல்லுங்க. பாதி வீட்டுக்கு மேல இருந்தா, இந்தத் தெருவ மஞ்சளாவே விடச்சொல்லி மேல எழுதறேன். இல்லைன்னா மேப்புல இருக்கிறபடிதான் போகும்.”

பத்துப் பேர் எழுந்து சொன்னார்கள்.

“கதவு எண் பதினாலு. ரஞ்சனி, கணவர் பெயர் ஆனந்தராஜ்.”

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கைகள் முழங்காலில் இருந்தன.

“ரஞ்சனி வந்திருக்காங்களா?”

முன்வரிசையில் தனசேகரன் திரும்பி என்னைப் பார்த்தார். மண்டபத்தில் அந்த அலுவலர் ஒருவருக்குத்தான் தெரியாது. தனசேகரன் ஒரு சொல் சொன்னால் போதும். தெரு நீலம். அவர் மறுபடி முன்னால் திரும்பி, தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

“மேல்மலையனூர் போயிருக்குது மேடம்” என்றார் ரத்தினம்மாள். “அமாவாசைக்கு.”

அங்கே அம்மன் கோயிலில் அமாவாசைக்குக் கூட்டம் கூடும். எங்கள் பக்கம் ஒருவர் ஊரில் இல்லை என்றால் சொல்கிற பதில் அது. யோசிக்காமலே வாயில் வரும்.

“அமாவாச போயி மூணு நாளாச்சி” என்றார் தனசேகரன், தரையைப் பார்த்தபடி.

“பஸ்ஸு கெடச்சிருக்காது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அலுவலர் தாளில் ஏதோ குறித்தார். “சரி. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இங்கயே அடுத்த தெருவுக்கு விசாரணை இருக்கு. அப்ப அவங்கள கட்டாயம் வரச் சொல்லுங்க. அன்னிக்கு முடிச்சிடுவேன்.”

6

இங்கே ஒரு குறிப்பு.*

7

திரும்பி வரும்போது ரத்தினம்மாள் என் பக்கத்தில் நடந்தார்.

“இன்னா தம்பி, இப்டி கல்லு மாரி உக்காந்துட்ட?”

நான் நடையைக் கூட்டினேன். அவரும் கூட்டினார்.

“சரி வுடு. செவ்வாக்கெழம நம்ம கலைச்செல்வி வந்து நிப்பா. ஆமா மேடம், என் மனுதான். அவ்ளோதான். நீ பக்கத்துல சும்மா குந்தியிரு, போதும். புருசனே பக்கத்துல இருக்கும்போது எவன் கேக்கப்போறான்?”

கலைச்செல்வி அவருடைய மருமகள். ரஞ்சனி வயதுதான். பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

“அந்தாளு சொல்லிட்டாருன்னா?” என்றாள்.

“சொல்றவனா இருந்தா இன்னிக்கே சொல்லியிருப்பான்.”

தெருமுனை வரை நடந்தோம். பிறகு கலைச்செல்வி, “எனுக்கு ஒண்ணும் இல்லண்ணா. ஆனா அக்கா பொடவ ஒண்ணு குடுங்க. ஆபீசருக்கு முன்னாடி நிக்கிறாப்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்றாள்.

அவள் தப்பாகக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

அன்று மாலை பீரோவைத் திறந்தேன். மூடிவிட்டேன். (இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். புடவைகளின் நிறங்கள், வாசனை. படித்துப் பார்த்தேன். எவர் மனைவிக்கும் பொருந்தியது. கிழித்துவிட்டேன்.)

8

மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன்.

அ. செவ்வாய்க்கிழமை கலைச்செல்வி ரஞ்சனியின் புடவையில் எழுந்து நிற்கிறாள். “ஆமா மேடம், என் மனுதான்.” நான் பக்கத்தில் இருக்கிறேன். பதினொன்று. தெரு மஞ்சள். ரத்தினம்மாள் தன் வீட்டிலேயே இருக்கிறார். என் மனைவியின் பெயருக்கு இன்னொருத்தி பதில் சொன்னதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் மிச்சம்.

ஆ. நான் எழுந்து, இறந்துவிட்டாள் என்று சொல்கிறேன். முதல்முறையாக. அலுவலர் பேனாவை வைத்துவிட்டு, “சாரி சார், தெரியாம” என்கிறார். பத்து. தெரு நீலம். ரத்தினம்மாள் அவலூர்பேட்டை ரோட்டுக்குப் போகிறார்.

இ. தனசேகரன் எழுந்து, “விடுங்க மேடம், லாட்ஜு வேணாம்” என்கிறார்.

மூன்றாவதை அடித்துவிட்டேன். அவர் நல்லவர், அவ்வளவு நல்லவரல்ல. யாரும் அல்ல. அவர் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை மௌனம். அதற்கு மேல் கேட்க முடியாது.

அ-வை எழுதும்போது கை ஓடியது. ஆ-வை எழுதும்போதும் ஓடியது. எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று ஞாயிறு. நீங்கள் படிக்கும்போது செவ்வாய் போய்விட்டிருக்கும். என்றாலும் உங்கள் முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

9

ஒன்று மிச்சமிருக்கிறது. அது அ-வுக்குச் சாட்சியா ஆ-வுக்குச் சாட்சியா என்று விளங்காததால் எதிலும் சேர்க்கவில்லை. இது கற்பனையல்ல.

விழுப்புரத்தில், ஆஸ்பத்திரியில், நான்காவது நாள். மதியம். ரத்தினம்மாள் போன் செய்தார். மனுக்கள் மேல் விசாரணைக்குத் தேதி வைத்துவிட்டார்களாம், அடுத்த வாரமாம். (அந்தத் தேதிதான் தள்ளித் தள்ளிப் போய் எட்டு மாதமானது.) ரஞ்சனி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ படுத்திரு, உனக்குப் பதிலாக நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஜுரம் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை. கண்ணைத் திறந்தபோது சொன்னது இதுதான்:

“நீ ஒண்ணும் பேசாத. நான் வந்து பேசிக்கிறேன்.”

———

* பட்டாவை என் பெயருக்கு மாற்றியிருந்தால் வெள்ளிக்கிழமை நானே எழுந்து நின்றிருக்கலாம். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாற்ற விண்ணப்பம். அடுத்தவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று நான் செய்துதருகிறேன். முதல் பக்கத்தில் ‘இறந்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. எட்டு மாதமாக நான் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். இப்போது விண்ணப்பித்தாலும் செவ்வாய்க்குள் கிடைக்காது.