அறுபத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை அடிக்கோல் என்றுதான் சொல்வார்கள். கப்பல் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர். தன் கை பட்டு ஒரு கடிதம்கூடப் பிழையோடு வெளியே போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்த வீட்டுக்கே அதில் பெருமை. அந்தப் பெயரை நம்பித்தான் கம்பெனியின் இணையதளத்தைக் கவனிக்கும் வேலையை அவருடைய மருமகளிடம் கொடுத்தார்கள். முன்னறையில் இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர். வடிவமைப்பு மருமகளுடையது, வாசகம் மாமனாருடையது.

கப்பலில் போகும் அறுபத்திரண்டு பேருக்கும் அந்தத் தளத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. படம், பெயர், கப்பல், அது இன்று எந்தக் கடலில் நிற்கிறது என்ற ஒரு வரி. நடுக்கடலில் செல்போன் எடுக்காது. ஆகவே கரையில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் மதியமானால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்த கப்பல் சமையல்காரர் போன வாரம் இறந்துபோனார். அவருடைய பக்கத்தை அஞ்சலிப் பக்கமாக மாற்றச் சொல்லிக் கம்பெனி எழுதியிருந்தது.

"நான் வெளிய போயிட்டு வந்து செய்றேன் மாமா. நீங்க வாசகம் மட்டும் எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் மருமகள்.

சமையல்காரர் அவருக்கு முப்பது வருடப் பழக்கம். வாசகத்தோடு விட மனம் வரவில்லை. பெயரைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம் வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தில் எங்கே தேடியும் கட்டம் போட வழியில்லை. தேடிக்கொண்டே போனவர் டெம்ப்ளேட்டுக்குள் நுழைந்தார். டெம்ப்ளேட் என்பது பலகாரம் வார்க்கும் அச்சு மாதிரி என்று மருமகள் எப்போதோ சொல்லியிருந்தாள். பெயரும் படமும்தான் ஆளுக்கு ஆள் வேறு. கோடும் கட்டமும் நிறமும் அச்சில் இருப்பவை. அது காதில் விழுந்திருந்ததே தவிர மனதில் இறங்கவில்லை. கட்டத்தைப் போட்டார். பெயர் வரும் இடத்துக்குக் கீழே "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று தடித்த எழுத்தில் அடித்தார். சேமிக்கப் போனபோது, அறுபத்திரண்டு பக்கங்கள் மாறும், தொடரலாமா என்று திரை கேட்டது.

அவர் கையெழுத்துப் போட்ட பிறகு மறுகேள்வி கேட்ட ஆள் அந்த அலுவலகத்தில் இருந்ததில்லை. ஒரு பெட்டி கேட்பதா? 'ஆம்' என்பதை அழுத்தினார். சமையல்காரரின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கச்சிதமாக இருந்தது. கை கழுவப் போனார்.

மருமகள் திரும்பி வந்து, கப்பல்களின் இடத்தை மாற்ற உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு.

"மாமா... கேப்டனுக்கு என்னாச்சு?"

"என்னம்மா ஆகணும்?"

"கேப்டன் நம்மை விட்டுப் பிரிந்தார்னு இருக்கு."

அவர் வந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கேப்டன் கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். மாலுமி பிரிந்தார். அடுத்தது. வயர்மேன் பிரிந்தார். அதற்கடுத்தது, நேற்று வேலையில் சேர்ந்த பையன். மீசைகூட முளைக்காத முகம். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"டெம்ப்ளேட்டைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

அவள் பழைய டெம்ப்ளேட்டைத் தேடிப் பிடித்து மீட்டாள். இரண்டு நிமிடத்தில் அறுபத்தோரு பேர் உயிரோடு எழுந்து வந்தார்கள். அவர் பெருமூச்சு விடப் போனார்.

"இருங்க மாமா. நாற்பது நிமிஷம் அப்படியே கிடந்திருக்கு. இதுக்குள்ள யாராவது பாத்திருந்தா?" எத்தனை பேர் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் பட்டியலை எடுத்தாள். "நாலு பக்கம் திறந்திருக்காங்க. நாலு வீடு."

அவர் போனை அருகில் இழுத்து வைத்தார்.

"சர்வர் பழுதுன்னு முகப்புல ஒரு வரி போட்டுடலாம் மாமா. உங்க பேரு அடிபட வேணாம்."

"பழுது சர்வர்ல இல்ல, என்கிட்ட. பொய்க்கு இந்த வீட்ல டெம்ப்ளேட் கிடையாது. நம்பரை எடு."

முதல் வீட்டில் ஒரு மாமியார் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "உன் வாயில மண்ணு விழ!" என்று தொடங்கி மூச்சு வாங்கும்வரை ஏசினாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர் சிரித்தார்: "நூறு ஆயுசு சார் அவனுக்கு. எமனே பொய்க் கணக்கு எழுதிட்டுப் போயிட்டான்." மூன்றாவது வீட்டில் அழுகை மட்டும் கேட்டது, மருமகள் வாங்கிப் பேசித் தேற்றினாள்.

நான்காவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு முறை. இன்ஜின் அறை மெக்கானிக்கின் மனைவி. வீட்டிலேயே துணி தைக்கிறவள். மூன்று தெரு தள்ளி வீடு.

அவர் செருப்பை மாட்டினார். தையல் கத்தரி, மாடிப்படி, மண்ணெண்ணெய் என்று மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. கூட வருகிறேன் என்று மருமகள் சொல்லியும் கேட்காமல் தனியாகவே நடந்தார். மூன்று தெருவும் முப்பது தெருவாக நீண்டன.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர்.  விலகி வழிவிட்டார்கள். 

உள்ளே தையல் மெஷினுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதி தைத்த சட்டை ஊசியிலேயே தொங்கியது. மடியில் போன். கண்ணில் ஈரமில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். அந்தப் பக்கத்தைத் தப்பா மாத்தினது நான். என் கையால வந்த பிழை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"இன்னொரு தடவை."

சொன்னார். வாசலில் இருந்த ஒருத்தி, "பெரிய மனுஷன் சொல்றார்ல, எழுந்திரு" என்றாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. "எழுதினது பொய்னு சொல்றீங்க. சரி. அவர் இப்ப உயிரோட இருக்கார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

  அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கத்தைப் பற்றித்தான். கப்பலைப் பற்றி, கடலைப் பற்றி, இன்ஜின் அறையைப் பற்றி இந்த நிமிடம் அவருக்கு என்ன தெரியும்? காலையிலிருந்து அந்தக் கப்பலிலிருந்து தகவல் வரவில்லை என்று கிளம்பும் முன் அவர் போன் செய்து கேட்டபோது கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வழக்கமான தாமதம்தான். ஆனால் வழக்கமானது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"தெரியாதும்மா" என்றார்.

"நாலு மணிக்குக் கப்பலோட சாட்டிலைட் போன்ல பேசுவார். இன்னைக்கு அவர் முறை. அதுவரைக்கும் நீங்க இங்கேயே இருக்கணும்."

உட்கார்ந்தார். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவரும் தொடவில்லை, அவளும் தொடவில்லை. மூன்று மணி. மூன்றரை. தன் பொய் உண்மையாகிவிடக் கூடாதே என்று அவர் யாரிடம் என்று தெரியாமலே வேண்டிக்கொண்டார். நாலு அடித்தது. போன் அடிக்கவில்லை. நாலு பத்து. அவளுடைய விரல்கள் மெஷினின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தன. ஊசி அதே இடத்தில் குத்திக் குத்தி எழுந்தது. 

நாலு பதினெட்டுக்குப் போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? கையை நீட்டிப் போனை அவரிடமே கொடுத்தாள். "நீங்க எடுங்க."

அவர் எடுத்தார். இரைச்சல். தூரத்தில் காற்று. பிறகு ஒரு முரட்டுக் குரல்:

"ஹலோ... யாருய்யா அது? என் பொண்டாட்டி போன் உன் கையில எப்படி வந்துச்சு? யாருய்யா நீ?"

வாழ்நாளில் இவ்வளவு இனிமையான ஏச்சை அவர் கேட்டதில்லை.

"உங்களை இன்னைக்குக் கொன்னவன் பேசறேங்க" என்றார் அவர்.  "இருங்க, வீட்டுக்காரம்மாகிட்ட கொடுக்கறேன்."