மூன்று கிளாஸ் உப்புத் தேநீர்

போன வருடம் உதவி நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு அதிகாரிக்கு ஊரே சேர்ந்து ஆடு அறுத்துப் போட்டது. அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். எல்லாருக்கும் கைகொடுத்தார். திரும்பிப் போய், "வசதியான கிராமம், உதவி தேவையில்லை" என்று எழுதிவிட்டார். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான மனு அதோடு படுத்துவிட்டது.

மனுவை எழுதியவள் லாமியா. ஜனவரியில் இறந்துபோனாள். மறுபடி அனுப்பியவன் அவள் கணவன் ரூஃபத், ஊர்ப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். ஏன் அனுப்பினாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மேசைமேல் கிடந்தது, அனுப்பினான். இம்முறையும் மறுத்தால் அடுத்த வாய்ப்பு இல்லை என்று பதில் வந்தது.

விருந்தாளி யார் வந்தாலும் சோல்மாஸ் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார வைப்பார்கள். அவளிடம் ரூஃபத் முந்தின நாளே சொல்லியிருந்தான்.

"டீ மட்டும் போதும், சித்தி."

"சரிடா, எத்தன தடவ சொல்லுவ?"

இன்று, இம்முறை ஆய்வுக்கு வந்த அன்னிகா என்ற அம்மாளை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றான். குங்குமப்பூச் சோறு, ஆட்டுக்கறி, பொரித்த மீன், நான்கு வகை ஜாம், படிகக் கிண்ணங்கள். சுவரில் புதுத் தொலைக்காட்சி. அன்னிகா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். அங்காராவில் கற்ற, ஊர்ப் பேச்சுக்கு நெருங்கிய துருக்கி மொழியில் கேட்டாள்.

"உங்க நாட்டுல எண்ணெய் இருக்கே. எங்க பணம் எதுக்கு?"

வெளியே எண்ணெய்க் கிணற்று இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தன. சோல்மாஸின் கணவர் தெய்மூர் சொன்னார்: "எண்ணெய் எங்க வாசல் வழியாத்தாம்மா போகுது. இதுவரைக்கும் உள்ள வந்து உக்காரல."

அன்னிகா சிரித்தாள். ஆனால் பேனா நகர்ந்தது. ரூஃபத் சமையலறைக்குப் போனான்.

"என்ன சித்தி இது?"

"பொம்பளப் புள்ள அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கா. வெறும் மேசையில உக்கார வெக்கச் சொல்றியா?"

சமோவார் என்கிற தேநீர்க் கொதிகலத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, விருந்தாளிக்காக விலைகொடுத்து லாரியில் வரவழைத்த தண்ணீர். ரூஃபத் அதைத் தொட்டியில் கொட்டினான். கிணற்றுத் தண்ணீர் வாளியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதுல போடுங்க."

"உனக்குப் பைத்தியமா? இதக் குடுத்துட்டு நான் எங்க மூஞ்சிய வெச்சுக்குறது?"

"போன வருஷம் மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணிதான் வரல."

அவள் அவனை முறைத்தாள். பிறகு வாளியைத் தூக்கினாள்.

இடுப்பொடுங்கிய கிளாஸில் தேநீர் வந்தது. மேலே சாம்பல் நிற ஏடு. அன்னிகா ஒரு வாய் குடித்தாள். கண் சற்றுச் சுருங்கியது. மிச்சம் வைத்தால் வீட்டுக்காரியை அவமதித்ததாகும் என்று தெரிந்தவள், முழுவதும் குடித்தாள். காலியான கிளாஸை நிரப்பாமல் விடுவது சோல்மாஸுக்கு வராது. நிரப்பினாள். அதுவும் காலியானது. மறுபடி நிரப்பினாள். மூன்றாவதை முடித்ததும் அன்னிகா, போதும் என்பதற்கு அடையாளமாய், கரண்டியைக் கிளாஸின்மேல் குறுக்கே வைத்தாள்.

"தினமும் இதத்தான் குடிக்கிறீங்களா?"

"இது நல்ல தண்ணி," என்றாள் சோல்மாஸ் தலைகுனிந்து. "கோடையில வந்து பாருங்க."

"அப்போ இந்தக் கிண்ணமெல்லாம்?"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கையைத் தூக்கினாள்.

"நீலப் பூ போட்டது என்னோடது. சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடுவேன்."

"டிவி எங்க வீட்டோடது," என்றது இன்னொரு குரல். "மீனு என் மாமியாரு பொரிச்சது. ஆடு மட்டும் ஊர்ப் பொது."

அன்னிகா வாய்விட்டுச் சிரித்தாள். எழுதியிருந்த தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் போட்டாள். "கிணத்தக் காட்டுங்க," என்று எழுந்தாள்.

கிணற்றடியில் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். குழாய்ப் பள்ளத்தை ஊர்தான் வெட்டித் தர வேண்டும், எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டாள்.

"நாளைக்கே," என்றார் தெய்மூர்.

"நான் பரிந்துரைதான் எழுத முடியும். பணம் மார்ச்சுலதான் வரும்."

"மார்ச்சு வரைக்கும் மண்வெட்டி சும்மாவா இருக்கணும்?"

அவள் மனுவைப் பிரித்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் லாமியாவின் பெயர் இருந்தது.

"இவங்க?"

"இல்ல," என்றான் ரூஃபத்.

அவள் மேலே எதுவும் கேட்காமல் பேனாவை நீட்டினாள். அவன் அந்தப் பெயரை அடிக்கவில்லை. அதற்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

ஜீப் கிளம்பியபின் சோல்மாஸ் சமோவாரில் மிச்சமிருந்ததை ஊற்றி அவனிடம் கொடுத்தாள். ஜனவரியிலிருந்து அவன் நாக்கில் எந்த ருசியும் ஏறவில்லை. ஒரு வாய் குடித்தான்.

"என்னா உப்பு, சித்தி," என்றான்.