எலியட் படித்த பாடம்

கிளாரிஸ்ஸா நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்கட்டும் என்று பள்ளியில் சந்திரிகா டீச்சர் சொன்னதும் அவளுடைய அம்மா லில்லியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பிள்ளை பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள், அந்தப் பாடம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்று டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"வணிகம் போதும் டீச்சர்," என்றாள் லில்லியன்.

மூன்று வருஷத்துக்கு முன் கிளாரிஸ்ஸாவின் அண்ணன் எலியட் அதே பாடத்துக்கு டியூஷன் போய்விட்டு ஜெராமிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அந்தக் கணக்கின் மேல் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். சோற்றுக்குக் காத்திருக்கும்போதுகூட மேசையில் விரலால் வளைகோடுகள் போட்டுக்கொண்டிருப்பான். அவன் போனபின் சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் லில்லியன் அவன் உட்காரும் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவாள். அவள் போனதும் கணவன் பெர்னாட் வந்து சத்தமில்லாமல் துடைப்பான். போன மாதம் ஒரு சாயங்காலம் கிளாரிஸ்ஸா அதே இடத்தில் உட்கார்ந்து அதே மாதிரி விரலால் கோடு இழுப்பதை லில்லியன் பார்த்தாள். அந்தப் பாடம் வீட்டுக்குள் நுழைந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடம் சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளின் பக்கத்தில் கிளாரிஸ்ஸா வந்து குந்தினாள்.

"அம்மா, அண்ணன அடிச்சது லோரி. கணக்கு இல்ல."

"தெரியும்லா," என்றாள் லில்லியன். கத்தி நின்றுவிட்டது. "மனசு கேக்க மாட்டேங்குது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. வீட்டுல யாரு நடந்தாலும் எனக்கு அண்ணன் நடக்குற மாதிரியே கேக்குது. ஆனா நான் படிக்கணும்மா."

மறுநாள் லில்லியன் டீச்சரைக் கூப்பிட்டுச் சரி என்றாள். டியூஷனுக்குத் தானே காரில் கூட்டிப்போவதாக மகளிடம் சொல்லிவிட்டாள். எலியட் அடிபட்டு விழுந்த சாலை வளைவை இத்தனை நாளும் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் சுற்றிக் கடந்தவள், அந்த முதல் சனிக்கிழமை காலை அதன் வழியாகவே போனாள். பிரேக்கிலிருந்து கால் எழவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. கிளாரிஸ்ஸா அம்மாவின் தொடையில் கை வைத்தாள். கார் நகர்ந்தது.

கோல சிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு. எலியட்டுக்குச் சொல்லிக்கொடுத்த சிவானந்தம் சார்தான். மகளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக நினைத்திருந்த லில்லியன் போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே சார் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை எழுதி முடித்துவிட்டு, பழக்கத்தில் வாய் தவறி, "எலியட், நீ வந்து போடு," என்றார்.

லில்லியன் எழுந்தாள். ஒரு கால் மேல்படிக்குப் போய்விட்டது.

நாற்காலி ஒன்று தரையில் உரசியது.

"வர்றேன் சார்," என்றது கிளாரிஸ்ஸாவின் குரல்.

பிறகு பலகையில் மார்க்கர் கீச்சிடத் தொடங்கியது. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.