பெடலுக்கு அடியில் ஒரு பெட்டி

நேசக்குமாரின் மச்சான் கிருபாகரன் தூத்துக்குடி துறைமுகத்தில் அதிகாரி. சாத்தான்குளம் வரும்போதெல்லாம் தங்கை ரேச்சல் வைக்கும் மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, தங்கை புருஷனின் காரைக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, இது காரா, சப்பரமா? மிதிச்சா யோசிச்சுட்டுல்லா கெளம்புது."

இந்த மனிதர் வாயால் ஒரே ஒரு தடவை 'நல்ல வண்டி' என்று கேட்டுவிட வேண்டும். நேசக்குமாருக்கு வேறு ஆசையே இல்லை.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடி போனார். மெக்கானிக் ஷாம் ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் சின்னதாக ஒரு பெட்டியை மாட்டினான்.

"இன்ஜின் பலம் அதேதான் சார். நீங்க கொஞ்சம் மிதிச்சாலே நெறைய மிதிச்சதா இது சொல்லிரும். அம்புட்டுதான்."

நேசக்குமார் காதில் அது எங்கே விழுந்தது? வண்டி பாய்ந்த பாய்ச்சலில் அவர் மீசையைத் தடவிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் மச்சான் வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும், பெட்டி சமாச்சாரம் தெரியாத ரேச்சல், காருக்காக ஜெபிக்கச் சொல்லி சபைப் போதகர் ஐயரைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் பானட்டில் கைவைத்து ஜெபித்தார். பிறகு மச்சான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து லேசாக மிதித்தார். வண்டி துள்ளியதில் பின்சீட்டு ரேச்சலின் பைபிள் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"நல்ல வண்டி மாப்ள" என்றார் மச்சான், கண்கலங்கி. "ஜெபத்துக்கு என்ன வல்லமை பாத்தீங்களா."

நேசக்குமாருக்கு வயிறு எரிந்தது. ஏங்கிக் கிடந்த பாராட்டு வந்த வேகத்திலேயே ஐயர் கணக்கில் போய்விட்டது. மச்சான் தன் காருக்கும் ஜெபம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் போன் வந்தது.

"என் வண்டியும் பறக்குது மாப்ள. அடுத்த வாரம் ஒங்க கோயில்ல வந்து இந்த அற்புதத்தைச் சாட்சி சொல்லுதேன்."

கோயிலில் போய்ப் பொய்ச் சாட்சியா? நேசக்குமார் பயந்துபோனார். அடுத்த ஞாயிறு கோயில் மணியடிக்கும் முன்பே மச்சானைக் காருக்கு இழுத்துப் போய், குனிந்து பெட்டியைக் காட்டி, ஷாம் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

மச்சான் நிதானமாகக் கேட்டார். "சரி, ஒங்க வண்டில பெட்டி இருக்கு. என் வண்டில இல்லையே." சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாருங்க."

எல்லாம் மனப்பிரமை என்று நிரூபிக்கும் வெறியோடு நேசக்குமார் உடன்குடி ரோட்டில் மிதித்தார். இழுத்தது. மறுபடி மிதித்தார். சந்தேகமே இல்லை, போன மாதம் ஓட்டியதைவிட நன்றாகவே இழுத்தது.

ஆராதனையில் மச்சான் எழுந்து நின்றார். "என் வண்டில பெட்டி கிட்டி எதுவும் இல்ல, சபையாரே" என்று ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். அவர் முடித்ததும் வந்த முதல் ஆமென் நேசக்குமாருடையது.